அப்பாவின் ஷோகேஸில் தெருப் படங்கள்: வேலூர் சந்து ஒன்றில் ஜன்னல் கேலரி

ஷோகேஸ்காரன், வேலூர்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்தது.

லாங் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கடை. அப்பா காலத்தில் ஸ்டுடியோ. இப்போது பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், லேமினேஷன். கடையின் ஷட்டருக்கு வெளியே, சுவரில் பதித்த ஒரு ஷோகேஸ் இருக்கிறது. நாலரை அடி அகலம், மூன்றடி உயரம், ஒரு சாண் ஆழம். அப்பா அதில் கல்யாண ஜோடி, மொட்டை போட்ட ஒரு வயதுக் குழந்தை, தாவணி போட்ட பெண் என்று வைத்திருப்பார். அவர் போன பிறகு சாயம் போன ஒரு பிளாஸ்டிக் பூச்செண்டு மட்டும் பத்து வருடம் அதில் கிடந்தது.

போன வருடம் தை மாதம் அதைத் துடைத்து, பலகைக்குக் கறுப்புத் துணி அடித்து, தெருவில் நான் எடுத்த படங்களில் மூன்றை வைத்தேன். 12க்கு 18 அங்குலம், மூன்று மட்டும். மாதம் ஒரு முறை மாற்றுகிறேன். ராத்திரி பத்து வரை விளக்கு எரியும். கடை மூடிய பிறகும் யாராவது நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதைப் பற்றி எழுத வைத்தது ஒரு படம். மண்டி வீதியில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர். மேல் சட்டை இல்லை, தலையில் துண்டு, முதுகில் மூட்டை. காலை வெயிலில் அவர் நிழல் தரையில் இரண்டு ஆள் நீளத்துக்கு விழுந்திருந்தது. எனக்கு அந்த நிழல்தான் படம். வைத்த மூன்றாம் நாள் அவரே அந்த வழியாக வந்து நின்றுவிட்டார். நான் உள்ளே லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போனேன். பயந்துகொண்டுதான் போனேன்.

அவர் நிழலைப் பார்க்கவே இல்லை. மூட்டையைக் காட்டினார். "இது வெல்லம். அரிசி மூட்டைன்னா முதுகுல அமுங்கி உக்காந்துக்கும். வெல்லம் கட்டி கட்டியா குத்தும். அதான் இந்தத் தோள இப்படித் தூக்கிட்டு நிக்கறேன், பாரு" என்றார். பார்த்தேன். வலது தோள் காதைத் தொடுவதுபோல் தூக்கியிருக்கிறது. அதே படத்தை எத்தனையோ முறை கணினியில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன், அந்தத் தோள் என் கண்ணில் படவே இல்லை.

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தா சட்டை போட்டுக்கிட்டு வந்திருப்பேன்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு வீட்டுக்காரம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கடைக்குள் உட்காரவைத்து நாலு பேரையும் எடுத்துக் கொடுத்தேன். ஷோகேஸ் படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், பக்கத்துல இதையும் வை" என்றார். அந்த மாதம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இரண்டு விஷயத்தில் யோசனை வேண்டும். ஒன்று, கடை கிழக்குப் பார்த்தது. மூன்றரை மணிக்கு மேல் கண்ணாடியில் எதிர்க்கடை மட்டும்தான் தெரிகிறது. எதிரே பாத்திரக்கடை, தொங்கும் எவர்சில்வர் குடமெல்லாம் என் படத்தின் மேல் மின்னுகிறது. இரண்டு, கேட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுக் கேட்பதா, கேட்காமலே வைப்பதா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

குடியாத்தம்காரன்

அண்ணே, படிக்கப் படிக்க எனக்கும் கை துறுதுறுக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு பழைய ஜன்னல் இருக்கிறது. தெருவில் நாலு வீட்டில் இன்னும் லுங்கித் தறி ஓடுகிறது. அந்த ஜன்னலில் வைக்கலாமா என்று யோசனை. மொத்தம் எவ்வளவு செலவானது, கண்ணாடி என்ன தடிமன், எந்தப் பேப்பர் என்று கொஞ்சம் எழுதுங்கள்.

பழைய டார்க்ரூம், ராணிப்பேட்டை

தம்பி, உங்கள் அப்பா செய்ததைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். ஜன்னல் கேலரி என்றால் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். ஆர்க்காடு, வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று எந்த ஊர் பஜாரை எடுத்துக்கொண்டாலும் ஸ்டுடியோ ஷோகேஸ்தான் அந்த ஊரின் முதல் கேலரி. ஊரில் யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் பிள்ளைக்குக் காது குத்தினார்கள், யார் பட்டம் வாங்கினார்கள் என்பதெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் தெரியும். "என் படத்தை ஷோகேஸில் வைத்திருந்தாங்க" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லும் அம்மாக்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

நான் 1974இல் எடுபிடியாக ஸ்டுடியோவில் சேர்ந்தவன். ஹைப்போவில், அதாவது படத்தை நிலைக்கவைக்கும் கரைசலில், கிடந்த பேப்பரைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவதுதான் முதல் இரண்டு வருட வேலை. அலசல் குறைந்தால் படம் நாளாவட்டத்தில் மஞ்சளாகிவிடும். நெகட்டிவில் பென்சிலால் டச் செய்வது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் தீட்டுவது எல்லாம் பிறகு கற்றது.

எங்கள் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஷோகேஸில் வைக்க ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால் முதலில் அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவார். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் "வைக்கலாம்" என்று எழுதி வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போடவேண்டும். வயசுப் பெண் படமென்றால் அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் கேட்டுவரச் சொல்வார். ஒருமுறை நான் கேட்காமல் ஒரு படத்தை வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணை அப்போதுதான் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பஜாரில் படத்தைப் பார்த்துவிட்டு, "பெண்ணைக் கடைவீதியில் வைத்திருக்கிறீர்களே" என்று பேசிவிட்டார்கள். சம்பந்தம் முறியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா கடைக்கு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் ஷோகேஸ் முன்னால் நின்றார். அந்த நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். எடுப்பது வேறு, வைப்பது வேறு. எடுக்கும்போது கேட்க நேரம் இருக்காது. வைக்க ஒரு மாதம் நேரம் இருக்கிறதே.

காட்பாடி ஜங்ஷன்

பெரியவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் உடன்பாடு இல்லை. ஸ்டுடியோப் படம் காசு கொடுத்து எடுத்துக்கொண்டது, அதற்குக் கையெழுத்து சரி. ஸ்ட்ரீட் போட்டோ அப்படியா? தெரு பொது இடம். அங்கே நடப்பதை நடந்தபடி காட்டுவதுதான் இந்தக் கலையின் உயிர். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, அவர்கள் சரி என்ற படத்தை மட்டும் வைத்தால் ஷோகேஸில் சிரித்த முகம்தான் மிஞ்சும். கோபம், களைப்பு, சண்டை, தனிமை எதுவும் வராது. ஸ்ட்ரீட் போட்டோவில் பெரிய பேரெடுத்த பிரெஞ்சுக்காரர் கார்த்தியே ப்ரெஸ்ஸோன் யாரிடம் கேட்டார்? கேமராவின் பளபளப்புத் தெரியாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு போனவர் அவர்.

இன்னொன்று. இன்ஸ்டாகிராமில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். சந்தில் வைத்தால் எத்தனை பேர்? கரண்ட் பில், பிரிண்ட் செலவு, இடம். இதெல்லாம் எதற்கு என்று உண்மையாகவே கேட்கிறேன்.

ஷோகேஸ்காரன், வேலூர்

ஐயா, அந்த ரசீதுப் புத்தகம் சமாச்சாரம் படித்ததும் அப்பாவின் பழைய பில் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் பல இடத்தில் "ஷோ. ச." என்று பென்சிலில் இருக்கிறது. என்னவென்று இத்தனை வருடம் தெரியாது. "ஷோகேஸ் சம்மதம்" ஆகத்தான் இருக்கவேண்டும். ரொம்ப நன்றி.

குடியாத்தம் தம்பிக்கு முதலில் செலவு. ஷோகேஸ் ஏற்கெனவே இருந்ததால் எனக்கு ஆனது கண்ணாடி, தச்சுக்கூலி, விளக்கு, துணி மட்டும். பிரிண்ட் லேபில்தான் போடுகிறேன். 12க்கு 18 ஒன்று நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிகிறது. மேட் பேப்பர் மட்டும் வாங்குங்கள். கிளாஸி போட்டால் கண்ணாடி ஒரு பளபளப்பு, பேப்பர் ஒரு பளபளப்பு என்று இரட்டிப்பாகும். கண்ணாடி 5 மி.மீ. போதும்.

வெயிலுக்கு இந்த ஒரு மாதத்தில் நானே ஒன்று செய்து பார்த்தேன். சாதாரணக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஆளுக்கு 4 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், மொத்தம் 8. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் எதிரே வெயிலில் மின்னும் எவர்சில்வரில் 8 சதவீதம் என்பது, நிழலில் இருக்கும் என் படத்தைவிட அதிக வெளிச்சம். அதனால்தான் படம் தெரிவதில்லை. உள்ளே எத்தனை விளக்குப் போட்டும் அந்த வெயிலோடு போட்டி போட முடியவில்லை. கடைசியில் தச்சரை வைத்து, கண்ணாடியின் மேல்விளிம்பைத் தெருப்பக்கம் நான்கு அங்குலம் சாய்த்து மாட்டினேன். இப்போது நின்று பார்ப்பவருக்கு எதிரொளியில் பாத்திரக்கடை வருவதில்லை, அந்தக் கடையின் படியும் தரையும்தான் வருகிறது. படி கருங்கல், வெளிச்சம் குறைவு. மேலே ஒரு தகரச் சாய்ப்பும் இறக்கினேன். நாலு மணிக்கும் இப்போது படம் தெரிகிறது.

விளக்கில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். மலிவாகக் கிடைத்த எல்இடி பட்டையை ஒட்டினேன். நம் ஊர் மாநிறமெல்லாம் பச்சை பூத்தது போல ஆகிவிட்டது. பெட்டியில் சிஆர்ஐ (நிறம் உள்ளபடி தெரிவதற்கான அளவு) 90க்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 4000 கெல்வின் போதும். விளக்கு படத்துக்கு நேர் எதிரே வேண்டாம், மேலிருந்து சரிவாக விழட்டும்.

டபுள் டேப்பை நம்பாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடிக்குள் கை வைக்க முடியாது, அத்தனை சூடு. முதல் வருடம் மே மாதம் மூன்று படமும் ஒரே மதியத்தில் கழன்று சுருண்டு கிடந்தன. இப்போது ஆல்பத்துக்கு ஒட்டுவார்களே, அந்த மூலைக்கூடுகளில் செருகி வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். கீழே இரண்டு, மேலே இரண்டு ஓட்டை போட்டு வலை அடித்தால் காற்று போய்வரும்.

காட்பாடி நண்பருக்கு இரவு எழுதுகிறேன், கடையில் ஆள் இருக்கிறார்கள்.

ஆரணித் தங்கை

அண்ணா, நான் ஆரணியில் இருக்கிறேன், மூன்று வருடமாகத் தெருவில் படம் எடுக்கிறேன். பெண் கேமராவோடு நின்றால் தெரு நடந்துகொள்ளும் விதமே வேறு. எனக்கு வாசலுக்கு உள்ளே போக முடிகிறது, பட்டுத்தறிக் குழிக்குப் பக்கத்தில் உட்கார முடிகிறது. டீக்கடை முன்னால் அரை மணி நேரம் நிற்க முடிவதில்லை.

காட்பாடி அண்ணன் எழுதியதற்கு ஒன்று சொல்லவேண்டும். தெரு பொது இடம், சரி. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் தெருவில் படமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பெண் கோயில் படியில் உட்கார்ந்து அழுததை நீங்கள் எடுக்கிறீர்கள். இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அதில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அதே படத்தை அவள் தினமும் பால் வாங்கப் போகும் சந்தில் வையுங்கள். பார்ப்பது பத்துப் பேர்தான், பத்துப் பேருக்கும் அவளைத் தெரியும். அந்தப் பத்துப் பேர் முன்னால் அவள் நாளைக்கு நடந்து போகவேண்டும். எண்ணிக்கை சின்னதாக இருக்கும் இடத்தில்தான் சுமை பெரிது.

கேட்டால் மட்டும் போதும் என்பதையும் நான் முழுசாக ஒத்துக்கொள்வதில்லை. கடை வைத்திருக்கும் ஆண், கையில் கேமரா, "அம்மா, வைக்கலாமா?" என்று கேட்டால் எங்கள் தெரு அம்மாக்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். பிடிக்கவில்லை என்பதும் அந்தச் சிரிப்புத்தான். நான் செய்வது, முதலில் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். எதுவும் கேட்கமாட்டேன். ஒரு வாரம் விட்டுப் போவேன். படம் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அப்போது கேட்பேன். பீரோவுக்குள் போயிருந்தால் கேட்கவே மாட்டேன்.

குடியாத்தம்காரன்

சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கேட்பேன்! அக்கா, இதை எழுதி வைத்துக்கொண்டேன்.

பழைய டார்க்ரூம், ராணிப்பேட்டை

காட்பாடித் தம்பி ப்ரெஸ்ஸோன் பேரை எடுத்ததால் சொல்கிறேன். அவர் நம் ஜில்லாவுக்கு வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். திருவண்ணாமலை அப்போது வட ஆர்க்காடுதான், பிரிந்தது 1989இல். ரமணரின் கடைசி நாட்களில் அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமணர் உடலை விட்டார். அந்த நேரத்தில் வானத்தில் ஒரு ஒளி மெதுவாக நகர்ந்து மலைப்பக்கம் போனதைத் தான் பார்த்ததாக ப்ரெஸ்ஸோன் பதிவு செய்திருக்கிறார். உடனே கடிகாரத்தையும் பார்த்திருக்கிறார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வேகமாக எடுத்துவிட்டு ஓடுகிறவர் என்றே அவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆசிரமத்தில் சாகக் கிடக்கும் ஒருவர் பக்கத்தில் ஓடமுடியாது. அங்கே இருக்கத்தான் முடியும். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், அவசரம் தெரியாது.

சாயம் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுக்கத் தடுக்காது, ஒரு பகுதி உள்ளே வரத்தான் செய்யும். எந்தப் பிரிண்டையும் வெயில் படும் ஷோகேஸில் ஒரு மாதத்துக்கு மேல் விடாதீர்கள். வீட்டில் எழுபது, எண்பதுகளின் கலர் படங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள், எல்லாம் செந்நிறமாகியிருக்கும். நீலப்பச்சைச் சாயம் முதலில் செத்துவிட்டது. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளை, ஒழுங்காக அலசியதென்றால் இன்னும் அப்படியே இருக்கும்.

ஷோகேஸ்காரன், வேலூர்

காட்பாடி நண்பரே, எதற்கு என்று கேட்டீர்கள். நானும் என்னையே கேட்டுக்கொண்டதுதான்.

காசைச் சொல்லிவிடுகிறேன். படம் விற்று இந்த ஷோகேஸை நடத்த முடியாது. இத்தனை மாதத்தில் விலைக்குப் போனவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் நின்று பார்ப்பவர்கள் உள்ளே வருகிறார்கள். "எங்க தாத்தா படம் ஒண்ணு கிழிஞ்சு இருக்கு, சரி பண்ண முடியுமா?" என்று கேட்கிறார்கள். பழைய படத்தைச் சரிசெய்து பெரிதாக்கி ஃப்ரேம் போட்டுக் கொடுக்கும் வேலைதான் இப்போது ஷோகேஸின் கரண்ட் பில்லைக் கட்டுகிறது.

காசைவிடப் பெரிய விஷயம், ஷோகேஸ் வைத்த பிறகு நான் எடுக்கும் படமே மாறிவிட்டது. முன்பெல்லாம் மாசி அமாவாசைக்குப் பாலாற்றில் மயானக் கொள்ளை என்றால் காலையிலிருந்தே போய் நிற்பேன். காளி வேஷம், எலுமிச்சை மாலை, கூட்டம், புழுதி. சென்னையிலிருந்து வருபவர்களும் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுப்பார்கள். எனக்கும் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அதில் ஒன்றை ஷோகேஸில் வைத்தேன். நம் ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு "ஆமா, கொள்ளை" என்று நகர்ந்தார்கள். தெரிந்ததுதானே.

அடுத்த மாதம் நேதாஜி மார்க்கெட்டில் எடுத்த ஒன்றை வைத்தேன். விடிகாலை, முள்ளுக் கத்தரிக்காய் கூடை. விற்கும் அம்மா காயைத் தொடாமல், காம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி எடைத்தட்டில் வைக்கிறார். மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்ததால் காயும் கையும் நீலம் பாய்ந்து கிடந்தன. அந்த நீலத்தை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் கணினியில் மல்லுக்கட்டினேன், பிறகு விட்டுவிட்டேன். அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது. "அப்படித்தான் புடிக்கணும், இல்லன்னா முள்ளு ஏறிடும்" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தார். இலவம்பாடி காய்க்குத்தான் அந்த முள் என்று இன்னொருவர். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி அங்கேயே பேச்சு. நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆயிரம் லைக் வந்தபோது எனக்கு இப்படி யாரும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை.

தங்கச்சி சொன்னதை இனி நானும் செய்யப்போகிறேன். எனக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் வாசலில் வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் மருந்துச்சீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த முகங்களில் இருப்பதை எந்தக் கேமராக்காரனும் விடமாட்டான். நானும் எடுத்திருக்கிறேன். ஒன்றும் ஷோகேஸுக்குப் போனதில்லை, போகாது. அவர்கள் வேலூருக்குப் படமாக வரவில்லை. ஒரு வருடமாக அங்கே கேமராவை வெளியே எடுப்பதையும் விட்டுவிட்டேன்.

சென்னையில் ஒரு வேலூரான்

ஊரைவிட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இதைப் படித்ததும் சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வந்துவிட்டது.

காட்பாடி நண்பருக்கு ஒன்று. 2016இல் சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்பட விழா முதல் முறை நடந்தபோது திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் படங்களை மாட்டினார்கள். ரயிலுக்கு ஓடுகிறவர் பையோடு நின்று பார்த்தார். கேலரி என்று பெயர்ப்பலகை வைத்த கட்டடத்துக்குள் அவர் ஒருநாளும் நுழைந்திருக்கமாட்டார். வழியில் இருப்பதால் பார்த்தார். உங்கள் சந்தும் அதுதான் செய்கிறது.

ஷோகேஸ் அண்ணே, 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதே, அந்தப் படம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? நான் வர முடியவில்லை. போனில் அம்மா "தண்ணி, தண்ணி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷோகேஸ்காரன், வேலூர்

இருக்கிறது. வைத்ததும் உண்டு. தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று நம் ஊரைச் சொல்வார்களே. 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பக் கோட்டைக் கோயிலுக்கு வந்தபோது சொலவடையில் ஒரு வரி போனது. 2021இல் இன்னொன்று போனது, சில வாரத்துக்காவது.

அன்று எல்லோரும் வெள்ளத்தை எடுத்தார்கள். நான் பாலத்தில் நின்று, ஆற்றுக்கு முதுகைக் காட்டி ஆட்களை எடுத்தேன். ஒரு தாத்தா பேத்தியைத் தோளில் ஏற்றி வைத்திருக்கிறார். அவள் ஆற்றைப் பார்க்கிறாள், அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார். படத்தில் தண்ணீரே இல்லை. அதை வைத்த மாதம் பெரியவர்கள் பலர் வந்து, தங்கள் சின்ன வயதில் ஆறு எப்படி ஓடியது என்று கையால் அளந்து காட்டினார்கள்.

உங்கள் அம்மாவை ஒருநாள் கடைக்கு அழைத்து வாருங்கள். ஒரு பிரிண்ட் எடுத்து வைக்கிறேன்.

காட்பாடி ஜங்ஷன்

சரி. நான் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதியில் நிற்கிறேன்.

ஆள் கிடைத்தால் கேட்கலாம். கிடைக்காவிட்டால்? ஸ்ட்ரீட் போட்டோவில் தொண்ணூறு பங்கு அப்படித்தானே? நான் கேமராவில் வெளிச்ச அளவை ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/800 என்று முன்னாடியே வைத்து, ஃபோகஸை இரண்டரை மீட்டரில் பூட்டிவிட்டு நடக்கிறவன். கண்ணில் படுவதற்கும் எடுப்பதற்கும் நடுவில் அரை நொடிகூட இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் பஸ் ஏறியிருப்பார். அந்தப் படமெல்லாம் யாருக்கும் தெரியாமலே போகவேண்டியதா? எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

ஷோகேஸ்காரன், வேலூர்

அப்படி என்னிடமும் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. பிரிண்ட் போட்டு, பின்னால் இடமும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். முகம் தெரியாத படமென்றால் வைத்துவிடுவேன். கை, முதுகு, நிழல், செருப்பு. முகம் தெளிவாக இருந்து ஆள் கிடைக்கவில்லை என்றால் டப்பாவில் இருக்கும். சில படம் அதில் இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். பெரியவர் சொன்ன கையெழுத்து வழக்கத்தை எல்லோர் மேலும் சட்டமாகப் போட எனக்கு எண்ணமில்லை. நீங்கள் புத்தகமாகப் போட்டால் கணக்கு வேறாக இருக்கலாம். என் ஷோகேஸ் அதே தெருவில் இருக்கிறது, எனக்கு இதுதான் முடிகிறது.

டப்பாவில் எனக்கு ரொம்பப் பிடித்தது பொய்கைச் சந்தையில் எடுத்தது. கயிறு விற்பவர் ஒருவர். மூக்கணாங்கயிறு, தும்பு, கழுத்து மணி எல்லாவற்றையும் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, ஒரு மணியை எடுத்துத் தன் காதோரம் ஆட்டிப் பார்க்கிறார். கண் மூடியிருக்கிறது. பின்னால் நூறு மாடு, தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசுகிறார்கள், அத்தனை இரைச்சல். அவருக்கு மட்டும் அந்த மணி கேட்கிறது. நாலு செவ்வாய் போய்த் தேடினேன். கண்ணில் படவில்லை.

குடியாத்தம்காரன்

அண்ணே, சைக்கிளில் பச்சைக் கலர் ரப்பர் குழாய் சுற்றின ஹேண்டில்பாரா?

ஷோகேஸ்காரன், வேலூர்

ஆமாம் தம்பி. பச்சைதான்.

குடியாத்தம்காரன்

அவர் எங்கள் பக்கம் வருவார். பேர் தெரியாது. திங்கட்கிழமை கே.வி.குப்பம் சந்தையிலும் பார்த்திருக்கிறேன், ஆட்டுக்குக் கட்டும் சின்ன மணி விற்பார். பிரிண்ட் ஒன்று கொடுங்கள், வருகிற திங்கள் நான் போகிறேன். எதுவும் கேட்கமாட்டேன், அக்கா சொன்ன மாதிரி கொடுத்துவிட்டு மட்டும் வருகிறேன்.

ஷோகேஸ்காரன், வேலூர்

இரண்டாகப் போட்டு வைக்கிறேன், ஒன்று வீட்டுக்கு, ஒன்று சைக்கிளில் வைத்துக்கொள்ள. லேமினேஷன் செய்துவிடுகிறேன், சந்தைப் புழுதிக்குத் தாங்கும். ஞாயிறு கடை மதியம் வரைதான், அதற்குள் வந்துவிடுங்கள்.

ஆரணித் தங்கை

போகும்போது மணி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. வெறும் கையோடு போய்ப் படம் நீட்டினால் யாராக இருந்தாலும் கூச்சப்படுவார்கள்.